எழுபத்திரண்டரை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயாது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுப்பவள். இருபத்தைந்து வயதிருக்கும். கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மக்சிக் போலே அங்காட் கா?" உங்களால் தூக்க முடியுமா என்கிறாள். முடியும் என்றேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் குளியலறையில் இரண்டு பேரும் விழுந்தோம். அவருக்கு நெற்றியில் நான்கு தையல். எனக்கு ஒன்றும் இல்லை, நான் அவர் மேல் விழுந்ததால்.

சிவா (மகன், பினாங்கில் வேலை) அன்றே போனில் முடிவு சொல்லிவிட்டான். ரவாங்கில் ஒரு முதியோர் ஹோம் பார்த்து வைத்திருக்கிறான். செப்டம்பர் விடுமுறைக்கு வருவான். அப்போது நான் ஒருத்தியாக, யார் உதவியும் இல்லாமல், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அப்பாவை மாற்றிக் காட்ட வேண்டும். காட்டினால் அப்பா வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் ரவாங்.

"இது பரீட்சை மாதிரிதான்மா. உங்களுக்குத் தெரியாததா" என்றான். முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்றவளிடம்.

எனக்கு 62. அவருக்கு 71. அவர் எடை, ஆஸ்பத்திரியில் எடுத்தது: 71.8 கிலோ.

ஆகவே என் இலக்கு 72.5. எடைத் தட்டு மாட்டிய கம்பியைத் தோளில் வைத்து, முழுக்க உட்கார்ந்து, எழ வேண்டும். ஒரே ஒரு தடவை போதும். ஜிம்மில் இதை 'சிங்கள்' என்கிறார்கள். நான் 'ஒற்றை' என்று எழுதப் போகிறேன். முழங்கால் வலிக்காக ஜனவரியிலிருந்து போய்க்கொண்டிருக்கும் ஜிம்தான். இனி அவருக்காக.

இன்றைய ஒற்றை: 55. இன்னும் பதினேழரை. வாரம் ஒன்பதரை.

ஜூலை 10, வியாழன்

ப. பற்றி எழுதி வைக்க வேண்டும். பரமேஸ். எனக்குப் பயிற்சி கொடுப்பவள். வயது 44. பன்னிரண்டு வருடம் தோட்டத்தில் செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றியவள். ஆண்களுக்கே முதுகு போகும் வேலை. இப்போது பத்தாங் காலியில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் ஜிம் வைத்திருக்கிறாள். மின்விசிறி இரண்டு. கண்ணாடி ஒன்று, அதிலும் விரிசல். என் பழைய மாணவி இல்லை. நல்லவேளை.

இன்று (கிலோ × தடவை): 40×5, 45×5, 50×3, 50×3.

அவள் சொன்னவை:
மூச்சை வயிற்றில் அடை. (எ.கா.: சைக்கிள் டியூபில் காற்று. கட்டியாக இருந்தால்தான் பாரம் தாங்கும்.)
குதிகால் தரையை விடக்கூடாது.
இறங்கும்போது யோசிக்கலாம். ஏறும்போது யோசிக்கக்கூடாது.

72.5 என்று ஏன் கேட்கிறேன் என்பதைச் சொன்னேன். சிரித்தாள்.

"உங்க வீட்டுக்காரர் என்ன இரும்பா டீச்சர்? கம்பி ரெண்டு பக்கமும் சமமா நிக்கும் லா. மனுசன் நிப்பானா?"

காலுக்குப் பலம் வந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். காலுக்குத் தான் பொறுப்பு, அதற்கு மேல் தன்னைத் திட்டக்கூடாது என்றாள்.

புக்கிட் செந்தோசா வீட்டுக்குத் திரும்ப மதியம். பக்கத்து வீட்டுக் காக் ஸைனா அவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார், கைப்பேசியில் நாடகம் பார்த்தபடி. என்னைக் கண்டதும் கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார்: "கழுதைக்கு இன்னிக்கு எத்தன மூட்ட?" ஐம்பது கிலோ என்றேன். தோட்டத்தில் மாட்டையே அதற்குமேல் இழுக்க வைப்போம் என்றார்.

அவர் கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கிராணி. வேலைக்காரர்கள் கொண்டுவருவதை நிறுத்து, எடையைப் பேருக்கு நேரே எழுதியவர். எடை என்றால் இன்றும் காது நிமிரும்.

இடது கையும் இடது காலும் வரவில்லை. பேச்சு முழுதாக வந்துவிட்டது.

வாங்க: முட்டை, பெரியவர் டயாப்பர் (L, ராத்திரிக்கு மட்டும்), கேலண்டர் மாட்ட ஆணி.

ஜூலை 22, செவ்வாய்

வெயில். ஒற்றை 60. முதல் முயற்சியிலேயே. எழும்போது காது அடைத்து ஒரு விநாடி எதுவும் கேட்கவில்லை. நல்ல விநாடி.

வீட்டிலும் தொடங்கியாயிற்று. தினம் மூன்று முறை, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு. என் முழங்காலால் அவர் முழங்காலை அடைக்க வேண்டும். அவர் வலக்கை என் கழுத்தைச் சுற்றி. அவர் இடுப்பில் ஒரு பெல்ட், அதை நான் பிடித்துக்கொள்ள. ஒன்று, இரண்டு, மூன்று. அவர் வலக்காலைக் கொஞ்சம் ஊன்றினாலே எனக்குப் பாதிச் சுமைதான் வரும். இப்போதைக்குக் காக் ஸைனா பின்னால் பிடிக்கிறார். பரீட்சையில் அவர் கிடையாது.

இவர் முரண்டு பிடிக்காமல் நாற்காலிக்கு வர ஒரு வழி கண்டுபிடித்தேன். பள்ளியிலிருந்து கொண்டுவந்த நட்சத்திர ஒட்டிகள் ஒரு பிஸ்கட் டின்னில் அப்படியே இருந்தன. ஒழுங்காக நாற்காலிக்கு வந்தால் கேலண்டரில் அந்தத் தேதியில் ஒரு நட்சத்திரம். கட்டிலுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறேன், பார்த்தால் உற்சாகம் வரட்டும். எ.கா.: முதலாம் ஆண்டில் பென்சில் பிடிக்க மறுத்த எத்தனையோ பிள்ளைகள் நட்சத்திரத்துக்காகவே எழுதினார்கள்.

உட்கார்ந்ததும் அவர் காதருகே "பாகுஸ்" சொல்கிறேன். நோட்டுப் புத்தகங்களில் குத்துவேனே, அந்த ரப்பர் முத்திரையில் இருந்த மலாய்ச் சொல். தமிழ்ப்பள்ளிதான், ஆனாலும் 'நன்று' என்று எழுதினால் பிள்ளைகளுக்குத் திருப்தி இல்லை. பாகுஸ் வேண்டும். வரிசையில் நின்று குத்திக்கொண்டு போவார்கள்.

இன்று மூன்று நட்சத்திரம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

65 ஏறவில்லை.

கீழே போனேன். எழ ஆரம்பித்தேன். பாதியில் நின்றது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. தொடை நடுங்கியது. கம்பியைப் பக்கவாட்டு இரும்புகளின் மேல் போட்டுவிட்டு நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் கேட்டுக் கீழே பட்டறைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

ப. பக்கத்தில் குந்தினாள். "செத்துட்டீங்களா டீச்சர்? இல்லல்ல. அப்ப எந்திரிங்க, தட்டக் கழட்டணும்."

தட்டுகளை என்னையே கழற்ற வைத்தாள். ஒவ்வொன்றாக. உதவிக்கு வரவில்லை. குலை காலில் விழுந்த நாளில் வேலை வாங்கும் மண்டோர் தனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, ஏறி அடுத்த குலையைத் தூக்கச் சொன்னார் என்றாள். அவள் கொடுமைக்காரி இல்லை. விழுந்த பிள்ளையைச் சுற்றி எல்லாரும் கூடினால்தான் அது அழும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். என் மேல் பிரயோகிக்கும்போதுதான் வலித்தது.

வீட்டில் அவர் எவ்வளவு என்று கேட்டார். முடியவில்லை என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. மூன்று தோசை சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார். நாள் முழுக்க நல்ல மனநிலை.

அழுதேன். குளியலறையில். பிறகு குளியலறையைக் கழுவினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

புகைமூட்டம். தொண்டை கரகரப்பு. ஜன்னல் சாத்தியே இருக்கிறது.

வலிக்கும் இடங்கள்: இடது தொடை. தோள்பட்டையில் கம்பி உட்காரும் கோடு. வலது கட்டைவிரல் (ஏன்?). முழங்கால் வலிக்கவில்லை.

62.5×2. ப. இதை 'கள்ள 65' என்கிறாள். இரண்டு முறை எடுத்தவளுக்கு அது உள்ளே இருக்கிறதாம். பயம்தான் வெளியே விடவில்லையாம்.

காலையில் அவர் நாற்காலிக்கு வரமாட்டேன் என்றார். நான் தொலைக்காட்சியைப் போடவில்லை. வந்தால்தான் செய்தி. குரல் உயர்த்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே காத்திருந்தேன். அரை மணி நேரம். பொறுமையாக இருந்தால் வழிக்கு வராத பிள்ளையை நான் பார்த்ததில்லை. வந்தார். நட்சத்திரம் ஒட்டினேன். காக் ஸைனா கேலண்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மாச்சாம் புடாக் தாடிகா." பாலர் பள்ளிப் பிள்ளை மாதிரி. நானும் சிரித்துவிட்டேன்.

தூக்கி உட்கார வைக்கும்போது என் கழுத்தில் அவர் நகம் பதிந்துவிட்டது. இரண்டு கோடு. பிடிமானத்துக்காக இறுக்கியிருப்பார்.

நகம் வெட்டிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

67.5. ஏறிவிட்டது. 65-ஐத் தாண்டியே போய்விட்டது. ப. முதுகில் ஓர் அடி வைத்தாள். பாராட்டாம். இன்னும் எரிகிறது.

சிவா போன். அம்மா ஜிம்முக்குப் போவதை ஆபீசில் சொன்னானாம், எல்லாரும் சிரித்தார்களாம், நல்லவிதமாகத்தானாம். ஹோம் படிவத்தை நிரப்பிக் கையோடு கொண்டுவருகிறானாம், "எப்படி முடிஞ்சாலும் நேரம் வீணாகாது பாருங்க."

போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான். கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவர் கேட்டது காதில் விழுந்தது. அங்கே எத்தனை பேர். ஜன்னல் இருக்கிறதா. தூக்குவது ஆம்பளைகளா.

பாவம், பயந்துவிட்டார். ராத்திரி கஞ்சியில் கொஞ்சம் நெய் விட்டேன். பயப்படாதீர்கள், உங்களை எங்கும் அனுப்ப மாட்டேன் என்றேன். வலக்கையால் கிண்ணத்தை ஒதுக்கினார்.

செப்டம்பர் 4, வியாழன்

70.

எழுத வேறு ஒன்றும் இல்லை. எழுபது கிலோவை இந்த உடம்பு தூக்கி நிறுத்தியது. பேருந்தில் வரும்போது எதிர் சீட்டில் ஒருவர் அரிசி மூட்டையோடு தடுமாறினார். எழுந்து உதவினேன். என்னைப் பார்த்து அவருக்கு நம்பிக்கை இல்லை. தூக்கிக் கொடுத்ததும் இரண்டு முறை நன்றி சொன்னார்.

நேற்றிலிருந்து காக் ஸைனா பின்னால் பிடிப்பதில்லை. நான் மட்டும். ஆறு முறை, ஆறு நட்சத்திரம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கம்பி இருபது கிலோ. இரண்டு பக்கமும் இருபத்தைந்து. அதற்கு வெளியே ஒன்றேகால், ஒன்றேகால். மொத்தம் 72.5.

சுண்ணாம்புத் தூளைக் கையில் தேய்த்தேன். கம்பிக்கு அடியில் போனேன். ப. பின்னால் நின்றாள், தொடவில்லை. மூச்சை அடைத்தேன். இறங்கினேன். அடியில் ஒரு கணம், அங்கேயே இருந்துவிடலாம் போல இருந்தது. எழுந்தேன். மெதுவாக, பாதியில் கிட்டத்தட்ட நின்று, பிறகு எழுந்தேன்.

ப. போய் ஒரு மைலோ டின் எடுத்துவந்து திறந்து கையில் கொடுத்தாள்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். தன் எடை இப்போது என்ன என்று கேட்டார். 71.8 என்றேன்.

"அப்ப ஜெயிச்சிட்ட" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செப்டம்பர் 13, சனி

எல்லாவற்றையும் எழுத வேண்டும், நடந்த வரிசையில்.

காலை 11: சிவா வந்தான். நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், மடியில் படிவம் இருந்த கோப்பு.

நான் கட்டிலருகில் நின்றேன். பெல்ட். முழங்கால். அவர் கை என் கழுத்தில். ஒன்று, இரண்டு, மூன்று. எழுந்தேன், அவரும் கொஞ்சம் எழுந்தார். பிறகு இல்லாமல் போனார். அப்படித்தான் சொல்ல வேண்டும். கை கழுத்தை விட்டது. வலக்கால் மடிந்தது. தாடை என் தோளில் விழுந்தது. என் பிடியிலிருந்து கீழ்நோக்கி வழிந்தார். இரண்டு பேரும் தரையில்.

சிவா வந்து அக்குளில் கை கொடுத்து அப்பாவைத் தூக்கிக் கட்டிலில் போட்டான். என்னைக் குறை சொல்லவில்லை. "பரவால்லம்மா. நான் போயி சாப்பாடு வாங்கிட்டு வர்றேன்" என்றான். கோப்பை மேசை மேல் வைத்துவிட்டுப் போனான்.

எனக்குத் தெரிந்துவிட்டது. பள்ளி தொடங்கும் முதல் நாளில் வகுப்புக்குள் வர மாட்டேன் என்னும் பிள்ளையைத் தூக்கிப் பாருங்கள். திமிறும் பிள்ளை கனமில்லை. உடம்பைத் தண்ணீராக்கிவிடும் பிள்ளைதான் கனம். பதினெட்டுக் கிலோ பிள்ளை முப்பது கிலோவாகும். ஒவ்வொரு ஜனவரியும் பார்த்திருக்கிறேன்.

"வேணும்னேதான விட்டீங்க?"

"ஆமா."

"ஏன்?"

கேலண்டரைப் பார்த்தார்.

"காலங்காத்தால பெரட்டுல நூறு பேரு என் முன்னால வரிசையா நிப்பான். நான் பேரு கூப்புட்டாத்தான் அவனுக்கு அன்னிக்கு வேல. அந்த ஆளுக்கு நீ ஸ்டார் ஒட்ற."

உங்கள் உற்சாகத்துக்காகத்தானே என்றேன்.

"ஒவ்வொரு தடவயும் காதுல வந்து பாகுஸ் பாகுஸ்ங்கிற. கேக்குறப்ப உன் கழுத்தக் கடிக்கணும் போல இருக்கும். பல்லு இல்ல."

நான் கழுத்தைத் தொட்டேன். அந்தக் கோடுகள் ஆறிவிட்டன.

நான் உங்களைப் போட்டேனா, அடித்தேனா, முகம் சுளித்தேனா என்று கேட்டேன்.

"இல்ல. நீ நல்லாத்தான் தூக்குற. அதான் தாங்கல. அங்க போனா எவனாவது தூக்கிப் போட்டுட்டுப் போயிருவான். அவனுக்கு நான் பாசாவுணும்னு இல்ல."

பத்து வாரம். கன்றிப்போன தோள். குளியலறைத் தரை. ஒரு பிள்ளையைக்கூட நான் அடித்ததில்லை. இன்று அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை. சிவா சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்ததும் "இன்னொரு தடவை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார். உடனே உடம்பைத் தண்ணீராக்கினார். தலை தொங்கிவிட்டது.

நான் பெல்ட்டைத் தொடவில்லை. இரண்டு கையையும் அவர் அக்குளுக்கு அடியில் விட்டு முதுகுக்குப் பின்னால் கோத்தேன். குந்தினேன். மூச்சை அடைத்தேன். எண்ணவில்லை. எழுந்தேன். கம்பியில் அப்படி ஒரு கனம் இருந்ததில்லை. தலை ஒரு பக்கம் இழுத்தது, கை ஒரு பக்கம், கால்கள் தரையில் இழுபட்டன. பாதியில் நின்றது. அவர் வாய் என் காதருகே. சிவாவுக்குக் கேட்காத குரலில் "விடு" என்றார். நான் விடவில்லை. "விடுடி." நாற்பது வருடத்தில் அவர் என்னிடம் கெஞ்சியது அதுதான். விடவில்லை. திரும்பினேன். நாற்காலியில் வைத்தேன்.

வைத்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பாகுஸ்.

சிவா கைதட்டினான். "சூப்பர்மா." படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். அப்பா வீட்டிலேயே இருக்கலாம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கைலி நனைந்து, நாற்காலியிலிருந்து சொட்டியது. நான் அமுக்கிய அமுக்கில் போயிருக்க வேண்டும். மகன் பார்த்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தான்.

இன்றைய ஒற்றை: 71.8. பெல்ட் இல்லாமல்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மலேசிய தினம். ஜிம் இல்லை. எதிர்வீட்டில் கொடி கட்டியிருக்கிறார்கள்.

சிவா ஞாயிறு போய்விட்டான், சந்தோஷமாக.

கேலண்டரைக் கழற்றினேன். ஆணியையும். அவர் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சாப்பிட்டது: காலை 3 கரண்டி கஞ்சி. மதியம் 2. மாலை வாய் திறக்கவில்லை.

பேசவில்லை. திட்டுவாரா என்று கஞ்சியை வேண்டுமென்றே உப்பில்லாமல் கொடுத்துப் பார்த்தேன். இல்லை.

தூக்கும்போது இப்போது ஒத்துழைக்கிறார். கழுத்தில் கை, வலக்கால் ஊன்றல், எல்லாம் சரியாக. பொம்மை மாதிரி. என் கைக்கு இறகாக வருகிறார். முப்பது கிலோகூட இருக்காது. அந்தச் சொல் வந்துவிடாமல் நான் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 20, சனி

ஆஸ்பத்திரி. 68.1. ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றேன்; இவ்வளவு இறங்கக்கூடாது என்றார் டாக்டர். குழாய் வைத்து ஊட்ட வேண்டியிருக்கும் என்று பயமுறுத்தினார். அவரைத்தான் பயமுறுத்தினார், நான்தான் பயந்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ரவாங் போகணுமா?

"ம்" என்றார். ஏழு நாளில் முதல் சத்தம்.

சிவாவைக் கூப்பிட்டேன். அவனுக்கு எரிச்சல். "அதான் தூக்கிக் காட்டிட்டீங்களேம்மா. இப்ப என்ன?"

"தூக்கிட்டேன்பா. அதனாலதான்" என்றேன்.

புரியவில்லை அவனுக்கு. விளக்கவும் இல்லை. முதல் முறையாக ஓர் எடுத்துக்காட்டும் வரவில்லை.

செப்டம்பர் 27, சனி

கொண்டுபோய்ச் சேர்த்தேன். சட்டை 6, கைலி 5, மாத்திரைப் பெட்டி, கண்ணாடி, ரேடியோ.

காரிலிருந்து இறக்க நான் குனிந்தேன். "நீ தள்ளி நில்லு" என்றார். உள்ளேயிருந்து ஓர் ஆள் வரும்வரை வெயிலில், காருக்குள், கதவு திறந்தபடி, பத்து நிமிடம் காத்திருந்தோம். நான் குடை பிடித்தேன். பிடிக்கவும் வேண்டாம் என்றார்.

இரவுச் சாப்பாடு எவ்வளவு சாப்பிட்டார் என்று போனில் கேட்டேன். முழுத் தட்டு.

அக்டோபர் 5, ஞாயிறு

ரவாங். நல்ல வெயில். பழுத்த பப்பாளி கொண்டுபோனேன்.

எட்டுக் கட்டில் உள்ள அறை. ஜன்னல் இருக்கிறது. அதற்கு வெளியே சுவர்.

நான் இருக்கும்போதே அவரை நாற்காலிக்கு மாற்ற வந்தார் ஒருவர். வங்காளதேசத்துக்காரர், முப்பது வயது. ஒரு காதில் ஹெட்போன். இவர் முகத்தைப் பார்க்கவில்லை. அக்குளில் கை, ஒரு இழுப்பு, ஒரு வீச்சு. உரமூட்டை போல. இவர் இடது கால் சக்கரத்தில் இடித்தது, கேட்கும்படி. அந்த ஆள் திரும்பிப் பார்க்காமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் எழுந்துவிட்டேன். இவர் வலக்கையை உயர்த்தி என்னை உட்காரச் சொன்னார்.

"பாத்தியா?" என்றார். முகத்தில் நிம்மதி. திருமணமான புதிதில் பார்த்த முகம்.

"கால் இடிச்சுதே."

"இடிச்சுது. ஒரு வார்த்த சொன்னானா பாரு."

குனிந்து காலைப் பார்த்தேன். கட்டைவிரல் சிவந்திருந்தது. பழைய காயங்களும் இரண்டு. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றேன். சொன்னால் இனி வராதே என்றார்.

பப்பாளியைத் தானே ஒரு கையால், கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார். சட்டையெல்லாம் சிந்தியது. துடைக்கக் கை போனது. தொடையில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது இன்னும் கம்பி தூக்குகிறேனா என்று கேட்டார். நிறுத்திவிட்டேன் என்றேன்.

"ஏன்? தூக்கு. உனக்கு நல்லாத்தான் வருது." கொஞ்சம் பொறுத்து: "இங்க வந்து தூக்காத."

அக்டோபர் 7, செவ்வாய்

மழை மறுபடியும். மூன்று வாரம் கழித்து ஜிம்.

40×5, 50×3, 60×1. அறுபது கல்லாக இருந்தது. ப. திட்டவில்லை. வீட்டில் என்ன என்று கேட்டாள். சொன்னேன், எல்லாவற்றையும், பாகுஸ் வரை. அவள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

பிறகு நான் கேட்டேன்: என்னைத் தூக்கு. பெஞ்சிலிருந்து அந்த நாற்காலிக்கு. நான் ஒரு கை, ஒரு காலை விட்டுவிடுகிறேன்.

பைத்தியமா டீச்சர் என்றாள். பிறகு வந்தாள். முழங்காலால் என் முழங்காலை அடைத்தாள். எண்ணெயும் வேர்வையும் கலந்த வாசனை. என் முகம் அவள் கழுத்தில். ஒண்ணு, ரெண்டு, மூணு. தரை காலை விட்டுப் போனது. எனக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, அவளைத் தவிர. உட்கார வைத்துவிட்டு, பழக்கத்தில், எல்லாரிடமும் சொல்வதுபோல என் தோளைத் தட்டினாள்.

"சூப்பர் டீச்சர். கெட்டிக்காரி."

நல்ல மனசோடு சொன்னாள். என் காதிலிருந்து கழுத்துவரை சூடு ஏறியது. நான் என்ன செய்தேன், கெட்டிக்காரி ஆக? தூக்கப்பட்டேன். அவ்வளவுதான். அவள் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. இருந்தது மட்டுமில்லை, தட்டிவிட்டேன். அவள் ஒன்றும் நினைக்கவில்லை, தட்டுகளை அடுக்கப் போய்விட்டாள்.

இந்த நோட்டை என்றாவது யாராவது எடுத்துப் படித்தால்: நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையையும் ஒரு காலையும் செத்ததாக விட்டுவிட்டு, உன் மேல் அன்புள்ள ஒருவரை உன்னைத் தூக்கச் சொல்லிப் பார்; தூக்கி முடித்ததும் உன்னைப் பாராட்டவும் சொல்.